போல்டரை இணைத்த மதியம்

யாருடைய கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் ஒரே மருந்து சொன்ன மனிதர் அவர். ஹெல்ப்டெஸ்க்கில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வருஷங்களில், எதிர்முனையில் எந்தக் குரல் புலம்பினாலும், "பிரவுசர்ல சேர்ந்து கிடக்குற கேஷ், சைட் டேட்டா எல்லாத்தையும் அழிச்சுட்டு திரும்பத் திறந்து பாருங்க" என்பார். பெரும்பாலும் சரியாகியும் விடும். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு 'அழிச்சுப்பாரு அண்ணன்' என்று பட்டமே கட்டிவிட்டார்கள். அப்புறம் அந்த மருந்தைச் சொல்ல ஒரு மென்பொருளே போதும் என்றாகிவிட்டது. அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

வந்தவர் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். காதோரம் நரைத்த வயதில் ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது பிளாக்செயினில் தானே ஓடும் ஒப்பந்தம், எழுதக் கற்றுக்கொண்டார். வாடகை வீட்டு முன்பணத்துக்காக ஓர் ஒப்பந்தம் எழுதினார். வீட்டுக்காரர், குடியிருப்பவர் இருவரும் சரி என்றால்தான் பணம் நகரும். ஒருமுறை பிளாக்செயினில் ஏற்றிவிட்டால் அதை எந்தக் கொம்பனாலும் அழிக்க முடியாது. ஆனால் இன்னும் ஏற்றவில்லை. வீடியோ காலில் பாதியைப் பார்த்த ஒரு கம்பெனி, நாளைக் காலையில் முழுசாக ஓட்டிக் காட்டுங்கள், ஓடினால் வேலை உங்களுக்கு என்று சொல்லியிருந்தது. மற்ற கம்பெனிகள் அவர் வயதைப் பார்த்ததோடு சரி, பதில்கூடப் போடவில்லை.

அழிக்க முடியாத அந்த ஒப்பந்தத்தை அவர் எழுதியது பிரவுசருக்குள்ளேயே திறக்கும் ஓர் எடிட்டரில். எழுதுவதெல்லாம் பிரவுசரின் வயிற்றிலேயே கிடக்கும். நர்ஸ் வேலை பார்க்கும் அவர் மனைவிக்கே அது உறுத்தியது.

"எல்லாத்தையும் அதுக்குள்ளயே வச்சிருக்கீங்களே, கம்ப்யூட்டர்ல ஒரு போல்டர்ல போட்டு வைக்கக் கூடாதாங்க?"

"பண்ணிடலாம்மா."

இந்தப் 'பண்ணிடலாம்மா' மாசக்கணக்காக நடந்தது. நைட் டியூட்டி நீண்டுபோய் இன்று மதியம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பியவள் போன் செய்து, "நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள சேத்து வைங்க, எனக்குப் படபடன்னு இருக்கு" என்றாள். சரி, அவள் பேச்சை ஒருநாளாவது கேட்போம் என்று உட்கார்ந்தார்.

புதிதாக ஒரு போல்டர் திறந்தார். அதையும் எடிட்டரையும் இணைக்கும் சின்னப் புரோகிராமை ஓடவிட்டார். இணைப்பு கிடைத்தது என்று பச்சை விளக்கு எரிந்தது. இடதுபக்கம் பைல்கள் வரிசையாக இருக்கும் இடம் மட்டும் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஒன்றுகூட இல்லை.

இணைத்ததும் எழுதியதெல்லாம் போல்டருக்குள் வந்து விழும் என்றுதான் நினைத்திருந்தார். பக்கத்தை மூடித் திறந்தார். அதே வெறுமை. அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை, கைதான் வேலை செய்தது. செட்டிங்ஸ் போனது, கேஷ், சைட் டேட்டா எல்லாவற்றிலும் டிக் அடித்தது. நிச்சயமாக அழிக்கவா என்று பெட்டி ஒன்று கேட்டது. எத்தனை பேரிடம், "பயப்படாம ஆமான்னு குடுங்க" என்று சொல்லியிருப்பார்! அவரும் பயப்படாமல் கொடுத்தார்.

எடிட்டர் புத்தம்புதிதாகத் திறந்தது. போல்டரை மறுபடி இணைத்தார். மறுபடியும் பச்சை. மறுபடியும் காலி. இதே எடிட்டரில் வேலை பார்க்கும் பழைய சகா ஒருவன் உண்டு, பல்பு என்று கூப்பிடுவார்கள். அவனுக்குப் போன் போட்டார்.

"அட, என்னண்ணே நீங்க," என்று அவன் சிரித்தான். "காலி போல்டர இணைச்சா காலியாத்தானே காட்டும்? கதவத் திறந்து விட்டா சாமானெல்லாம் தானா நடந்து போகுமா? நீங்க எழுதினது பழைய இடத்துலயே இருக்கும். மேல ஒரு பட்டியல் இருக்கு பாருங்க, அதுல பழைய பேரத் தொட்டா வந்துடும்."

அவர் தொட்டார். பழைய பெயரே அங்கு இல்லை.

"அண்ணே?" பல்புவின் சிரிப்பு நின்றது. "நீங்க எதையும் அழிக்கலையே?"

எழுதியதெல்லாம் அந்த சைட் டேட்டாவுக்குள்தான் இருந்தது என்பது இவருக்கு இப்போதுதான் உறைத்தது. திரும்ப எடுக்க வழியில்லை என்பது இருவருக்கும் தெரியும். போனைக் கவிழ்த்து வைத்தார். வாய்விட்டு அழலாம் போலிருந்தது, அழுகை வரவில்லை. யாரோ திருடிப் போயிருந்தால் திட்டவாவது ஒரு ஆள் இருந்திருக்கும். ஒரு தொடுதல் தூரத்தில் முழுசாக இருந்ததைத் தன் கையாலேயே கொன்றுவிட்டாரே! கம்பெனியிடம் சொல்லலாம்தான். நேற்றுவரை இருந்தது, இன்று அழித்துவிட்டேன் என்று சொல்பவனை எந்த மடையன் வேலைக்கு எடுப்பான்? தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று அவருக்குச் சந்தேகமறத் தெரிந்துவிட்டது.

கதவு திறந்தது. மனைவி பையை மேஜையில் வைத்தாள். செருப்பைக் கழற்றியபோது கணுக்காலில் வார் பதிந்த தடம் ஆழமாகத் தெரிந்தது.

"சேத்தாச்சா?"

"சேத்தாச்சு."

அது பொய்யும் இல்லை. அவள் குனிந்து திரையைப் பார்த்தாள்.

"பச்சையா எரியுதே! அப்பாடா, இப்பத்தான் மூச்சு வருது." நாற்காலியை இழுத்துப் போட்டு, இன்னொன்றின்மேல் காலை நீட்டிக்கொண்டாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், திட்டக் கூடாது. இனிமே நைட் டியூட்டி வேண்டாம்னு மேட்ரன்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன். என் இடத்துக்கு வேற பொண்ண போட்டாச்சு. இந்தக் காலோட இனிமே என்னால முடியாதுங்க. அந்தப் பணம் போனாப் போகுது, உங்களுக்குத்தான் வேலை வந்துடுமே."

"நல்லது பண்ண," என்றார்.

"நாளைக்குப் போட்டுக்கச் சட்டை தேச்சு வச்சிருக்கேன்" என்று சொல்லி வாய் மூடவில்லை, உட்கார்ந்தபடியே தூங்கிப் போனாள்.

சொல்லத்தான் வேண்டும். எழுப்பிச் சொல்லவா, எழுந்ததும் சொல்லவா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு வாயைத் திறந்துகொண்டு அப்படித் தூங்குகிறாள். அவர் சத்தமில்லாமல் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, கான்ட்ராக்ட் என்ற முதல் சொல்லை அடித்தார். அடுத்த வரி என்னவென்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அந்த ஒரு சொல் மட்டும் உடனே போல்டரில் போய்ப் பத்திரமாகச் சேர்ந்தது.