ஏழாவது பத்தி

எதிர்த்தரப்பின் பதில் மனு நாற்பது பக்கம். வக்கீல் ஸுபத்ரா முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்து புவனேஸ்வரியின் பக்கம் நகர்த்தினார்.

"மெதுவாப் படிம்மா."

சேலைக்கான பூவையும் மயிலையும் கட்டம் கட்டமாக மாற்றித் தரும் செல்போன் செயலி ஒன்று. அதை உருவாக்கியவன் புவனேஸ்வரியின் சித்தப்பா மகன் குமரகுரு. எந்தச் செயலியானாலும் செல்போன் நிறுவனத்தின் ஒரே இணையக் கடை வழியாகத்தான் வாங்க வேண்டும். கட்டும் நூறு ரூபாயில் முப்பதைக் கடை எடுத்துக்கொள்கிறது, அதனால்தான் இந்த விலை என்று காஞ்சிபுரத்தில் டிசைன் வரையும் பதினோரு பெண்கள் கடை மீது வழக்குப் போட்டிருந்தார்கள். முதல் பெயர் புவனேஸ்வரியுடையது. அவளை நம்பித்தான் மற்ற பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

கடை தன் பங்கைக் குறைத்தால் குமரகுருவும் அன்றைக்கே விலையைக் குறைப்பான் என்று பிரமாணப் பத்திரத்தின் ஏழாவது பத்தியில் அவள் சொல்லியிருந்தாள். அவன் கொடுத்த வாக்கு அது. நான்கு வருடம் ஒரே தறியில், உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோக்கும் கோர்வைச் சேலை நெய்தவர்கள். அவன் உடலை நெய்ய, பக்கத்திலிருந்து கரைக்கு அவள் நாடா வீசினாள். ஒருவர் கையை மற்றவர் திரும்பிப் பார்த்ததே இல்லை.

முப்பத்தோராம் பக்கத்தில் குமரகுருவின் விண்ணப்பம் இருந்தது. சிறிய செயலிகளுக்குக் கடை தன் பங்கைப் பாதியாக்கி ஒன்றரை வருடம் ஆகிறது. அந்தச் சலுகையை அவனும் கேட்டு வாங்கியிருக்கிறான்; விலையை மட்டும் குறைக்கவில்லை. வழக்குப் போட்டதோ போன மாசி மாதம்.

அங்கிருந்து நேரே பிள்ளையார்பாளையத்தில் அவன் வீட்டுக்குப் போனாள்.

"வாம்மா வக்கீலம்மா! கேஸு இன்னா சொல்லுது?" என்று கேலியாகச் சிரித்தான் குமரகுரு.

"உனக்குப் பாதியா கொறச்சிட்டாங்களாமே, அண்ணா."

சிரிப்பு நின்றது. "அவன் பதினஞ்சு எடுக்கறதும் கொள்ளைதானே? கேஸு நியாயமான கேஸுமா."

"கேஸு நியாயம்தான். நீ?"

"நீ கேக்கவே இல்லியே."

"பக்கத்துல உக்காந்துக்கினு ஏழாவது பத்திய ரெண்டு தபா படிக்கச் சொன்னியே அண்ணா. தலைய ஆட்டிக்கினே கேட்டியே."

அவன் செல்போனைக் கவிழ்த்து வைத்தான். "அந்தப் பத்திய எடுத்துடு. என் பேர மட்டும் இழுக்காத. வெளிய தல காட்ட முடியாது."

மறுநாள் காலை வக்கீலிடம் அவள் பத்தியை எடுக்கச் சொல்லவில்லை. மாற்றி எழுதச் சொன்னாள். கடை பங்கு வாங்கியதும் உண்மை, கடை குறைத்ததை மறைத்து அவன் பழைய விலையையே வாங்கியதும் உண்மை.

"கேஸ் வலுவிழக்கும். கடை குறைச்சாலும் உங்களுக்கு வந்து சேராதுன்னு அவா வாதாடுவா."

"வாதாடட்டும்மா. அன்னம்மாக்காவும் மத்தவங்களும் எழுதினத படிக்காம கையெழுத்து போட்டாங்க. நான் சொன்னேன்னு."

"பேர் வேண்டாமே. செயலியை உருவாக்கியவர்னு போட்டாப் போதும்."

"பேரையே போடுங்கம்மா. குமரகுரு. அப்பா பேரு குப்புசாமி."

சித்தப்பாவின் பெயரைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கிப்போனது. வக்கீல் நிமிர்ந்து பார்த்தார். அவள் இன்னொரு முறை, உரக்கச் சொன்னாள்.