இரண்டு முறை அடிக்க வேண்டிய எண்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. போன மாதம் ஒரு வியாழக்கிழமை என் அக்கா வேலை முடிந்து வந்தாள். கைப்பையை நாற்காலியில் மாட்டிவிட்டு, "இன்னைக்கு எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்கடா" என்றாள். சொல்லிவிட்டுச் சாவகாசமாக வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அக்காவுக்கு வராத கோபத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு மறுநாள் காலை எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம் இது:

"இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே நிரல்மொழியில் உழைத்த அந்தப் பெண்ணின் கண்ணீர் விசைப்பலகையின் மேல்..."

அக்கா பின்னால் நின்று படித்துவிட்டாள். "நான் எங்கடா அழுதேன்?"

கோடு போட்டு அடித்துவிட்டேன். ஆனால் அப்படியே விட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். நான் எவ்வளவு மலிவாக ஆரம்பிக்கக்கூடியவன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2.

அக்கா கணினி நிரலாளர். மருத்துவமனைகளுக்கு மருந்து அனுப்பும் நிறுவனம் அவளுடையது. (அவளுடையது என்றால் அவள் முதலாளி இல்லை. இத்தனை வருஷம் ஒரே இடத்தில் இருந்தால் வாய் அப்படித்தான் சொல்கிறது.) கிடங்கில் ஓடுவது அவள் எழுதிய நிரல்: கறுப்புத் திரை, பச்சை எழுத்து. கிடங்கில் இருப்பவர் பெட்டியின் மேல் இருக்கும் பேட்ச் எண்ணை, அதாவது மருந்து எந்தத் தொகுதியில் தயாரானது என்ற எண்ணை, முதல் கட்டத்தில் அடிப்பார். அடித்ததும் அது மறைந்து நட்சத்திரக் குறிகளாகிவிடும். மறுபடி பெட்டியைப் பார்த்து அதே எண்ணை இரண்டாவது கட்டத்திலும் அடிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் பெட்டி கிளம்பும்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் அவள் வைத்த கட்டம் அது. அடிக்கும்போது ஒரே ஓர் இலக்கம் மாறி, காலாவதியான பெட்டி ஒன்று குழந்தைகள் வார்டு வரை போய்விட்டது. ஒரு நர்ஸ் கண்ணில் பட்டதால் தப்பித்தது. நிரலில் பிழை இல்லை, யாரும் அக்காவைக் கேட்கவும் இல்லை. மறுநாளே இரண்டாவது கட்டத்தை வைத்துவிட்டாள். அதன் பிறகு ஒரு தப்பான பெட்டிகூட வாசலைத் தாண்டவில்லை.

இப்போது எல்லாத் திரைகளையும் இணையப் பக்கங்களாக மாற்றச் சொல்லிவிட்டார்கள். இணையத்தில் ஒரு பொத்தான் வைப்பதற்கே மூன்று மொழி வேண்டுமாம்: சட்டகத்துக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று, அசைவுக்கு ஒன்று. அந்தத் தலைவலி வேண்டாம் என்று ஒரு கருவி வாங்கினார்கள். அக்கா மாதிரி ஆட்கள் பழைய மொழியிலேயே எழுதினால் போதும், பக்கத்தை அது வரைந்துகொள்ளும். விளம்பரத் தாளில் போட்டிருந்தது: "பழைய ஆட்களே செய்துவிடலாம், அவ்வளவு எளிது."

யாரய்யா பழைய ஆள்? நீங்கள் சாப்பிட்ட மாத்திரை சரியான மாத்திரையாக இருந்ததற்கு யார் காரணம் என்று நினைத்தீர்கள்?

இந்தக் கருவியைத் திட்டி இரண்டு பக்கம் எழுதினேன். நல்ல திட்டு. அக்கா படித்துவிட்டுப் பேனாவை வாங்கிக் குறுக்கே கோடு போட்டாள்.

"கருவி நல்லாத்தான்டா இருக்கு. நாலு மாசம் ஆக வேண்டியது எனக்கு ஒன்பது நாள்ல முடிஞ்சுது. அதைத் திட்டினா நான் உன் கதையில இருக்க மாட்டேன்."

இரண்டு பக்கமும் போயிற்று.*

* ஒரு வரியை மட்டும் ஒளித்து வைத்திருக்கிறேன். வேறு எதற்காவது உதவும்.

3.

சிரித்த கதைக்கு வருகிறேன்.

கண்ணாடிச் சுவர் போட்ட கூட்ட அறை. மேலாளர், கருவி விற்ற நிறுவனத்தின் ஆலோசகர், இன்னும் ஐந்தாறு பேர். அக்கா தன் புதுப் பக்கத்தைக் காட்டினாள். சரியாக இருபத்துநான்கு வரி இருந்தது. இருபத்தைந்தாவது மருந்தைப் பார்க்க "அடுத்த பக்கம்" என்ற பொத்தானை அழுத்த வேண்டும். பக்கம்தான் எவ்வளவு தூரமும் கீழே உருளுமே, ஏன் வெட்டினீர்கள் என்று ஆலோசகர் கேட்டார். திரையில் இருபத்துநான்கு வரிதானே கொள்ளும் என்றாள் அக்கா. பழைய திரையில் அவ்வளவுதான் கொள்ளும். அறையே சிரித்தது.

[இந்த இடத்தில் இருபத்துநான்கு வரிக்கு ஓர் ஆழமான காரணம் வைக்க ஆசைப்பட்டேன். கிடங்கு ஆட்களின் வசதிக்காக என்பது போல ஏதாவது. அக்காவிடமே கேட்டேன். "ஒரு காரணமும் இல்ல. பழக்கதோஷம். நானே சிரிச்சுட்டேன்" என்றாள். நாயகியே தப்பு செய்துவிட்டு ஒத்துக்கொண்டால் எழுதுகிறவன் எங்கே போய் முட்டிக்கொள்வது?]

ஆனால் அந்தச் சிரிப்பு அதோடு நிற்கவில்லை. ஆலோசகர் இரண்டாவது கட்டத்துக்கு வந்தார். ஒரே எண்ணை எதற்கு இரண்டு தடவை அடிக்க வேண்டும் என்றார். கருவியில் ஓர் இடத்தில் டிக் போட்டார். முதல் கட்டத்தில் அடித்தது இரண்டாவதிலும் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. மேலாளர் கைதட்டினார். அந்தக் கட்டம் நிரம்புவதற்காக வைத்ததில்லை, கண் மறுபடி பெட்டியைப் பார்ப்பதற்காக வைத்தது என்று அக்கா சொன்னாள்.

"இதுவும் உங்க இருபத்துநாலு வரி மாதிரிதானா?" என்றார் மேலாளர்.

மறுபடி சிரித்தார்கள். அக்கா வீட்டுக்கு வந்து சொன்னது இந்த இரண்டாவது சிரிப்பை. எனக்கு ஆறவே இல்லை. ஒரு விஷயத்தில் தப்பு செய்தால் எல்லா விஷயத்திலும் தப்பாகத்தான் இருப்பாள் என்று எந்த மடையன் சொல்லிக்கொடுத்தான் இவர்களுக்கு?

4.

கிடங்கின் குளிரறையில் வேலை பார்ப்பவரைக் கையுறை அண்ணன் என்பார்கள். வேலை நேரத்தில் அவர் கை எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. புதுப் பக்கத்தைச் சோதனைக்கு விட்ட நாலாம் நாள், அவர் ஒரு பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நேராக அக்காவின் மேசைக்கு வந்தார். காலாவதியான பெட்டி. திரை பச்சை டிக் காட்டியிருந்தது. வண்டியில் ஏற்றும்போது தற்செயலாக லேபிள் கண்ணில் பட்டிருக்கிறது.

"நான்தான்மா தப்பா அடிச்சேன். முன்னாடியும் தப்பா அடிப்பேன், கையுறை தடிமன். ஆனா அப்ப அது விடாது."

கையுறையின் தடிமனில் பக்கத்து இலக்கம் விழுந்து, அது வேறொரு நல்ல பேட்ச்சின் எண்ணாகப் போய்விட்டது. இரண்டாவது கட்டம் அதை அப்படியே நகலெடுத்து ஆமாம் போட்டது.

மேலாளர் அறிக்கையில் "ஊழியரின் கவனக்குறைவு" என்று எழுதினார். கையுறை அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. பெட்டியைத் தடுத்த ஒரே ஆளுக்கு!

(ஒளித்து வைத்த வரியை இங்கே போடலாம் என்று பார்த்தேன். அச்சில் ஏறாது.)

5.

நாளை மதியத்துக்குள் அக்கா ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். "இந்தப் பக்கத்தை நான் சோதித்தேன், சரியாக இருக்கிறது." போட்டால் இணையப் பக்கங்களுக்கான புதுக் குழுவுக்கு அவள்தான் தலைவி. போடாவிட்டால் ஆலோசகரின் நிறுவனமே போட்டுக்கொள்ளும். "இவ்வளவு சுலபமான கருவி. உங்களுக்காகக் காத்திருக்கணும்னு ஒண்ணும் இல்ல" என்று மேலாளர் சொல்லிவிட்டார். சுலபமாக்கியது அவளுக்காக என்றார்கள். இப்போது அவளே வேண்டாம் என்கிறார்கள்.

ஒரு டிக்தானே, எடுத்துவிடேன் என்றேன். அந்த இடம் இப்போது ஆலோசகரின் கடவுச்சொல்லுக்குத்தான் திறக்குமாம்.

மூன்று முடிவுகள் எழுதினேன். முதலாவதில் தாளைக் கிழித்து மேலாளர் முகத்தில் எறிகிறாள். "கிழிச்சா இன்னொண்ணு அச்சடிப்பாங்க" என்றாள் அக்கா. இரண்டாவதில் கையெழுத்துப் போடுகிறாள், உள்ளே இருந்துகொண்டு ஒருநாள் சரிசெய்ய. "அந்த ஒருநாள் வரைக்கும் போற பெட்டி?" மூன்றாவதில் கையெழுத்துக்கு மேலே "இரண்டாவது கட்டம் கேட்டேன், மறுத்தார்கள்" என்று எழுதுகிறாள். அதை மட்டும் இரண்டு முறை படித்தாள்.

"அப்ப என்னதான் பண்ணப் போற?"

"நாளைக்குத்தானே. நீ ஏன் இன்னைக்கே முடிக்கிற?"

சொல்லும்போது அவள் குரல் லேசாக நடுங்கியது. [இந்த வரியை அவள் அடிக்கச் சொன்னாள். அடிக்க மாட்டேன்.]

6.

ஆகவே முடிவை நான் எழுதவில்லை. கீழே இரண்டு கட்டம் வைத்திருக்கிறேன். அக்கா கையெழுத்துப் போட வேண்டுமா கூடாதா, முதல் கட்டத்தில் எழுதுங்கள். எழுதியதைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் மருந்து சாப்பிடுகிறவர் யாரோ, எழுந்து போய் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். வந்து இரண்டாவதிலும் எழுதுங்கள்.

அவசரம் என்று நகலெடுக்கப் பார்க்காதீர்கள். இது தானாக நிரம்பாது.

[                    ]

[                    ]