பானட்டுக்குள் ஒட்டிய தாள்

ஜப்பானிலிருந்து ரஸ்ஸல் வரவழைத்த கார் பந்தயப் பாதையின் நடுவிலேயே நீலப் புகை கக்கி நின்றதும் மேவிஸுக்குக் கோபம் தலைக்கேறியது.

"தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, ரஸ்ஸல்! அது ஜப்பான் பெட்ரோலுக்குப் பண்ணின எஞ்சின் ட்யூனிங். நம்ம இங்கிலாந்து பெட்ரோலுக்கு மாத்தித் தர்றேன்னு சொன்னேனா இல்லியா?"

ரஸ்ஸல் காரைவிட்டு இறங்கவே இல்லை. "ஜப்பான்காரன் கால் மைலை எட்டு செகண்டுல ஓட்டுறான். நீ இருபது வருஷமா ட்யூனிங் பண்றே, இன்னும் பத்துக்குக் கீழே வரல. அவன் வேலையில நீ கை வைப்பியா?"

கிளப்பில் எல்லோருக்கும் இதே பேச்சுதான். அவள் ஜெயித்தால் குருட்டு அதிர்ஷ்டம், ஜப்பான்காரன் தொட்டால் தெய்வத்தின் கை. கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது.

அவள் பானட்டைத் தூக்கினாள். உள்பக்கம் ஜப்பானிய எழுத்தில் ஒரு தாள். பந்தயம் பார்க்க ஒசாகாவிலிருந்து வந்திருந்த மெக்கானிக் குராத்தா அதைப் படித்துவிட்டு முகம் சுளித்தார்.

"இதை இங்க யாருமே படிக்கலியா?"

"ட்யூனர் கைப்பட எழுதினதுங்க!" என்றான் ரஸ்ஸல் பெருமையாக. "லேமினேட் பண்ணி ஒட்டியிருக்கேன்."

"என்னதான் எழுதியிருக்கு?" என்று பல்லைக் கடித்தாள் மேவிஸ்.

"'உங்க நாட்டுப் பெட்ரோலுக்கு வீரியம் கம்மி. ஓட்டுறதுக்கு முன்னாடி உங்க ஊர் ட்யூனர்கிட்ட குடுத்து மாத்திக்குங்க.'"

மேவிஸ் தாளைப் பிய்த்து ரஸ்ஸலின் மடியில் எறிந்தாள்.

"இந்தா, சட்டம் போட்டு வீட்டுல மாட்டிக்கோ. எஞ்சின் வெந்துபோச்சு, இனி ஒட்டி வைக்கத்தான் கார் இல்லியே!"