உப்புப் போத்தலைத் தொடாத குழம்பு

விமலேஸ்வரியின் சமையலைப் பற்றி அக்கராயன் ஊரில் ஒருவரும் குறை சொன்னதில்லை. கையில் காசில்லாத வீடுதான். ஆனாலும் பாதித் தேங்காயில் முதற்பாலைக் குழம்புக்கும் கடைசிப்பாலைச் சொதிக்கும் விட்டு, பிழிந்த தேங்காய்ப்பூவையும் எறியாமல் செத்தல் மிளகாயோடு இடித்துச் சம்பலாக்கிவிடுவாள். வேலி முருங்கை இலையும் வயற்கரைப் பொன்னாங்காணியும் அவளிடம் வந்தால் விருந்துதான். எல்லாவற்றுக்கும் மேலே அவளுடைய கருவாட்டு வித்தை. ஒரு துண்டு கட்டாக் கருவாட்டை நூலில் கட்டிக் கத்தரிக்காய்க் குழம்புக்குள் இறக்கி, ஒரு கொதி வந்ததும் தூக்கி வெயிலில் காயப்போடுவாள். அடுத்த குழம்புக்கும் அதே துண்டுதான். மூன்று குழம்பு கண்ட பிறகே அது பொரியலாகும். கஞ்சத்தனம் என்று சிரிப்பவர்கள் ஒரு தரம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

அவளுடைய புருசன் பரமலிங்கத்துக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று கிளிநொச்சிக் கிளினிக்கில் சொன்ன அன்றைக்குத்தான் அந்தக் குசினியில் இழவு விழுந்தது. உப்பைக் கண்ணிலும் காட்டக்கூடாது என்றார்கள். விமலேஸ்வரி உப்புப் போத்தலை அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டாள். தேசிக்காய் பிழிந்தாள், உள்ளி தட்டிப் போட்டாள், மிளகை வறுத்துத் தூவினாள். பாவி மனுசன் இரண்டு வாய் வைத்துவிட்டுச் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடும். நெல் மூட்டை சுமந்த உடம்பு ஒரு மாதத்தில் குச்சியாகிப் போனது. அவர் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். அவளுக்கு வேறு ஒரு யோசனையும் இல்லை.

அப்போதுதான் நூலில் தொங்கிய கருவாடு கண்ணில் பட்டது. உப்புத்தானே போடக்கூடாது? கருவாட்டை அவர் தின்னப்போவதில்லை, வாசத்துக்குப் போட்டு எடுத்தால் என்ன வந்தது என்று நினைத்தாள். அப்படித்தான் நினைத்தாள், ஐயோ. இத்தனை வருசமும் அந்தத் துண்டை இறக்கிய நாளில் குழம்புக்கு உப்பைக் குறைத்துப் போட்டவளே அவள்தான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. அன்றைக்குப் பரமலிங்கம் இரண்டாந்தரமும் சோறு கேட்டார். அவள் குசினிக்குள் போய் நின்று சந்தோசத்தில் அழுதாள்.

அதன்பிறகு நாள்தோறும் கருவாடு குழம்புக்குள் இறங்கியது. மூன்று கிழமையில் அவருடைய கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. கிளினிக்கில் தாதி, உப்புப் போடுகிறீர்களா என்று கேட்டாள். ஒரு கல்லுக்கூடப் போடுவதில்லை என்று விமலேஸ்வரி சத்தியம் பண்ணினாள். அப்படியென்றால் ஊறுகாய், கருவாடு ஏதும் சேர்க்கிறீர்களா என்று அடுத்த கேள்வி வந்தது. விமலேஸ்வரிக்கு அப்போதுதான் நூலில் கட்டிய துண்டு நினைவுக்கு வந்தது. அவள் வாய் திறக்க முதல் பரமலிங்கம் முந்திக்கொண்டார்.

“அவாவைக் கேளாதேங்கோ, மிஸ். நான்தான் சந்திக் கடையில ஒளிச்சு மிக்சர் வாங்கித் திண்டனான்.”

தாதி அவரைக் கிழி கிழியென்று கிழித்தாள். மனுசன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில், கருவாடு போட்டது தெரிந்துகொண்டா சாப்பிட்டீர்கள் என்று அவள் கேட்டாள்.

“முதல் வாயிலேயே தெரியும்,” என்றார். “நீ பக்கத்தில நிண்டு என்ர வாயையே பார்த்துக்கொண்டு நிண்டனி. எப்பிடியப்பா வேண்டாம் எண்டுறது?”

அந்தக் கருவாட்டை அவள் அன்றைக்கே தூக்கி எறிந்தாள். எறிந்து என்ன, பிந்திப்போயிற்று. மாரி மழை தொடங்க முதலே பரமலிங்கம் போய்விட்டார்.

எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்பது வழக்கம். அவருடைய தங்கை கௌசலா மல்லாவிச் சந்தையில் நல்ல மொத்தமான கட்டாக் கருவாடு வாங்கி வந்து, அண்ணைக்குப் பிடித்த குழம்பை நீங்களே வையுங்கள் என்றாள். விமலேஸ்வரி மறுக்கவில்லை. கருவாட்டைச் சுடுதண்ணீரில் மூன்று தரம் ஊறவிட்டுப் பிழிந்தாள். படைக்க முதல் ருசி பார்க்கக்கூடாது என்பதால் குழம்பை ஒருவரும் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. படைத்து முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் கௌசலா முதல் வாயோடு நிமிர்ந்தாள்.

“மச்சாள், உப்புப் போட மறந்திட்டியள்.”

“மறக்கேல்லை,” என்றாள் விமலேஸ்வரி. “அவருக்கு ஆகாது.”

உப்புப் போத்தலை எடுக்க எழும்பிய கௌசலா திரும்ப உட்கார்ந்து, அந்தக் குழம்பையே பிசைந்து சாப்பிட்டாள்.