சந்தனப் பொட்டு வைத்த ஒலிக்கருவி

ஞாயிறு மாலை, வண்டலூரை அடுத்த கல்லூரி ஆய்வகத்தில் நுண்ணோக்கியைவிட்டு நிமிர்ந்த சின்மயி, களைப்பையும் மீறிச் சிரித்தாள். கண்ணாடிக் கிண்ணத்து நரம்புச் செல்கள் நான்கே நாளில் கிளைவிட்டு நீண்டிருந்தன.

அவற்றின்மேல் அவள் தூவியிருந்தது, அழுத்தினால் மின்சாரம் சுரக்கும் நுண்துகள். காதுக்கெட்டாத ஒலியை வெளியிலிருந்து அனுப்பினால் துகள் அதிரும். அந்தத் துளி மின்சாரம் செல்லைத் தட்டியெழுப்பும். இதை மெய்ப்பித்தால்தான் முனைவர் பட்டம். வழிகாட்டி ஸ்ரீரங்கன் நாளை கட்டுரையை அனுப்பவிருந்தார். தினமும் பத்து நிமிடம் தானாக ஒலிக்கும்படி ஒலிக்கருவியில் குறித்துவிட்டு, அவள் விடுமுறைக்குப் போயிருந்தாள்.

கருவியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. துடைக்கப் போனவள், சுவிட்ச் அணைந்திருக்கக் கண்டாள்.

"பூவராகன் அண்ணா, இதை எப்போ ஆஃப் பண்ணீங்க?"

ஆய்வக உதவியாளர் பெருமையாகச் சிரித்தார். "புதங்கிழமை மேடம். ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்ச மிஷினை ஓட்டலாமா? அன்னிலேர்ந்து நல்லா ரெஸ்ட்டு எடுத்துகினு கீது. இன்னா, எதுனா பேஜாரா?"

கோபப்படவும் அவளிடம் தெம்பில்லை. ஒலியே படாமல் செல்கள் வளர்ந்திருக்கின்றன! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். இரண்டாண்டுகளாக அவள் காக்கையைக் கொண்டாடியிருக்கிறாள். ஒலியில்லாத கிண்ணத்தை ஒரே ஒருமுறைதான் வைத்தாள். அது வாடியதும், ஒலியின் அருமை என்று அவளும் வழிகாட்டியும் மகிழ்ந்துபோனார்கள்.

ஸ்ரீரங்கனை அழைத்தாள். ஊர் திரும்பும் கூட்டத்தில், பெருங்களத்தூரில் அவர் கார் சிக்கியிருந்தது. செய்தியைக் கேட்டவர், ஹாரன் சத்தத்துக்கு நடுவே குரலைத் தாழ்த்தினார்.

"வேற யாருக்கும்மா தெரியும்?"

"பூவராகன் அண்ணாவுக்கு."

"அவர் சொல்ல மாட்டார்."

"அவர் சொல்ல மாட்டார் சார். கிண்ணத்துல இருக்கற செல் சொல்லிடும். நாளைக்கு வேற லேப்ல யாராவது சவுண்டே இல்லாம வளர்த்துக் காட்டிட்டா?"

"சரி, பேப்பரை நிறுத்திடறேன். முதல்லேர்ந்து பண்ணு. ஒவ்வொரு தடவையும் சவுண்ட் இல்லாத கிண்ணத்தையும் சேர்த்து வை."

சோதனைக் குறிப்பேட்டில் நான்கு நாளுக்கும் முன்கூட்டியே எழுதியிருந்த 'பத்து நிமிடம்' என்பதை ஒவ்வொன்றாக அடித்து, 'ஒலி இல்லை' என்று எழுதினாள்.

பூவராகன் எட்டிப் பார்த்தார். "எம்பேரையும் எழுதுவியா மேடம்?"

"எழுதத்தான் வேணும் அண்ணா. ரெண்டு வருஷத்துல ஒழுங்கான சோதனை நீங்க பண்ணதுதான்."