அணையக்கூடாத விளக்கு

விசாரணை மூன்று மணிக்கு. இப்போதே பதினொன்றாகிவிட்டது, வயர்லெஸ் செட்டின் இரைச்சல் மட்டும் நின்றபாடில்லை. ஜக்கையனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போடிமெட்டுச் சாலையில் பத்தாவது வளைவோரம் ஆம்புலன்சை நிறுத்திவிட்டு அதையே சுற்றிச் சுற்றி வந்தார். உள்ளே வயர்லெஸ் மெக்கானிக் காளீஸ்வரி ஃபியூசுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

போன செவ்வாய்க்கிழமை, ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போன ஜீப்பு இந்த மலையில்தான் கவிழ்ந்தது. செல்போன் எடுக்காத இடம், வயர்லெஸ்தான் கதி. மெட்டில் வண்டியோடு காத்திருந்த ஜக்கையன் காதில் ஓர் அழைப்பும் விழவில்லை. யாரோ பைக்கில் வந்து சொல்லி அவர் போய்ச் சேர முக்கால் மணி நேரம். பெரியம்மாள் என்கிற தோட்டத் தொழிலாளிக்கு ஒரு கால் போயே போய்விட்டது.

"அஞ்சு தடவ கூப்பிட்டேன்" என்று அழுதாள் போடி கண்ட்ரோல் ரூம் முத்துப்பிரியா. "ஒரு தடவகூடக் கூப்பிடல" என்று விசாரணைக் கமிட்டி முன்னால் அடித்துப் பேசினார் ஜக்கையன். இருபது வருஷ டிரைவர் பேச்சு எடுபடாமல் போகுமா? இன்று அந்தப் பெண்ணின் சீட்டைக் கிழிக்கப்போகிறார்கள். வண்டியிலிருக்கும் வயர்லெஸ் செட்டையாவது சோதித்துப் பாருங்கள் என்று அவள் கெஞ்சியதால்தான் காளீஸ்வரி வந்திருந்தாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை முத்துப்பிரியா கீழேயிருந்து கூப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு.

"ஊருக்குள்ள நல்லாத்தான கேட்டுச்சு?" என்றார் ஜக்கையன் எரிச்சலோடு.

"அங்க சத்தம் பலமா வருதுண்ணே. இங்க மெலிஞ்சு வருது, இரைச்சல் முழுங்கிருது. வண்டிக்குள்ள ஏதோ ஒரு சாமான்தான் இதக் கெளப்புது."

சைரனை நிறுத்தினாள். சுழல் விளக்கை நிறுத்தினாள். கேமரா, சார்ஜர், கடைசியில் எஞ்சின், எல்லாம் நின்றது. 'ஸ்ஸ்ஸ்' என்ற சனியன் மட்டும் நிற்கவில்லை.

"பேட்டரியில இருந்து நேரா எதுக்காச்சும் வயர் இழுத்திருக்கீங்களாண்ணே?"

"இல்லவே இல்ல."

அவள் பானட்டைத் திறக்க இறங்கிப் போனாள். ஜக்கையனின் கண் டேஷ்போர்டுக்குப் போனது. ஜக்கம்மா படம். அதைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாய் மினுமினுக்கும் எல்இடி சரம். வண்டி நின்றாலும் ஆத்தா விளக்கு அணையக்கூடாதென்று சித்திரையில் அவரே பேட்டரியிலிருந்து வயர் இழுத்து மாட்டியது. காலையில் காளீஸ்வரியும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினாள். சாமி விளக்கை யாரப்பா சாமான் கணக்கில் சேர்ப்பார்கள்?

அவர் கை தானாகப் போனது. வயரைப் பிடுங்கினார்.

இரைச்சல் நறுக்கென்று நின்றது. கொஞ்ச நேரத்தில் முத்துப்பிரியாவின் குரல் மெலிசாக வந்தது. "அண்ணே, டெஸ்ட்டு. கேக்குதா?"

அவள் திரும்பத் திரும்பக் கேட்கும்போதே வயரை மாட்டினார். குரல் காணாமல் போனது. மறுபடி பிடுங்கினார். "கேக்குதாண்ணே?"

ஜக்கையன் முன்கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். பானட் மறைத்திருந்தது, காளீஸ்வரி எதையும் பார்க்கவில்லை. சரத்தைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியும்? செட்டில் ஏதோ கோளாறு, தானாகச் சரியாகிவிட்டது என்று சொல்லிவிடலாம். வேலை நிலைக்கும். அந்தப் பிள்ளைக்குத்தான் போகும். பெரியம்மாள் கால் போன பாவமும் அது தலையிலேயே விடியும். அட பாவி, இதையுமா யோசிக்கிறாய் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு மைக்கை எடுத்தார்.

"கேக்குது ஆத்தா. அன்னைக்கும் நீ கூப்பிட்டுத்தான் இருப்ப. நான் வண்டியில இழுத்த வயருதான் ஒன் சத்தத்த முழுங்கியிருக்கு. தப்பு என்னோடது."

பட்டனை விட்டார். கீழேயிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

"அண்ணே, கமிட்டிக்காரங்க இப்பவே வந்து வெளிய நிக்கிறாங்க. கூட்டியாறேன். அவுங்க முன்னால இன்னொருக்காச் சொல்லுவீங்களா?"

ஜக்கையன் மறுபடி பட்டனை அழுத்தினார்.

"வெரசாக் கூட்டியா ஆத்தா. எம் மனசு மாறுறதுக்குள்ள."