இரண்டு அங்குலம்

போன மாதம் சிக்னலில் என் வலது முழங்கால் பூட்டிக்கொண்டது. காலைத் தரையில் ஊன்றுவதற்குள் வண்டி, நான், பின்னால் இருந்த என் மனைவி எல்லோரும் சேர்ந்து, பழைய மாளிகை ஒன்று சரிவதைப் போல நிதானமாகப் பக்கத்துக் காரின் மேல் சாய்ந்தோம். கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, சௌகரியமாக இருக்கிறதா என்று விசாரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியின் தீர்ப்பு. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவளை உட்காரவைத்துத் தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்ப வேண்டும். வழியில் ஒரு தடவை முனகினாலும் சாவி அவள் தம்பிக்கு. முப்பத்தோரு வருடமாக என்னோடு இருக்கும் வண்டி அது. என் பற்களில் பாதிகூட அவ்வளவு நாள் தங்கவில்லை.

அலறியடித்துக்கொண்டு ஒரு பார்சல் வரவழைத்தேன். கால் வைக்கும் ஃபுட்ரெஸ்டை இரண்டு அங்குலம் கீழே இறக்கும் இரும்புத் தாங்கி, ஒரு ஜோடி. கால் இறங்கினால் முழங்கால் அவ்வளவாக மடங்க வேண்டாம். இடது, வலது என்று அவற்றில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். வண்டியில் ஸ்டிக்கர் இருந்தால் எனக்கு ஆகாது. நகத்தால் சுரண்டி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பாக்கி வைத்தேன்.

ஞாயிறு இரண்டு மணிக்கு வாசலில் மல்லாந்து படுத்து ஸ்பேனரைப் பிடித்தேன். பழைய ஃபுட்ரெஸ்டைக் கழற்றியதும் உள்ளே இருந்த ஸ்பிரிங் துள்ளிப் பறந்தது. நிலாவைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பியிருக்க வேண்டும், ஒன்றரை மணி நேரம் ஆளைக் காணோம். கடைசியில் துணி ஊறவைத்த வாளிக்குள் கிடைத்தது. தாங்கிகளை மாட்டி முறுக்கி முடித்தபோது நாலாக ஐந்து நிமிடம்.

ஏறி உட்கார்ந்தேன். முழங்கால் என் காதோடு ரகசியம் பேசும் உயரத்தில் நின்றது.

அப்போதுதான் புரிந்தது. இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டினால் அந்தத் தாங்கி கால் வைக்கும் இடத்தை இறக்காது, அதே இரண்டு அங்குலம் மேலே ஏற்றும். கழற்ற நேரமில்லை. ஹெல்மெட்டோடு மனைவி வந்துவிட்டாள். படியில் உட்கார்ந்திருந்த மச்சினன், வண்டிக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று அவளிடமே யோசனை கேட்டான்.

கிளம்பினோம். முதல் தெருவிலேயே கண்ணில் நீர் முட்டியது. இரண்டாவது தெருவில் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டு முடித்து, தெரியாதவற்றுக்கும் விண்ணப்பம் போட்டேன். தொட்டியைச் சுற்றி ரவுண்டானா. திரும்பிப் போகும் பக்கத்தில் சிவப்பு விளக்கு. நிறுத்தினால் காலை இறக்க வேண்டும். கால் இறங்காது. ஆகவே நிறுத்தாமல் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றிலும் நான் வரும் நேரம் பார்த்து விளக்கு சிவந்தது.

ஆறாவது சுற்றில் அவள் கேட்டாள்:

“ஏங்க, இந்தத் தொட்டிய நாம வாங்கப் போறோமா?”

காற்று நன்றாக இருக்கிறது என்றேன். குரல் எனக்கே கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. அவள் என் தோளுக்கு மேலாக எட்டி, என் கால்களைப் பார்த்தாள். அடுத்த சுற்றில் என் காதருகே குனிந்தாள்.

“பிரேக்க மட்டும் பிடிங்க. கால் நான் வெக்கிறேன்.”

பிடித்தேன். இருபக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருந்தவள் இரண்டு கால்களையும் தரையில் ஊன்றினாள். வண்டி, நான், என் மானம் மொத்தமும் அவள் இரு செருப்புகளின் மேல் நின்றது. அந்த நிம்மதியில் வாய் தானாகத் திறந்துகொண்டது. அப்படி ஒரு முனகலை அந்த ஊர் கேட்டிருக்காது. முன்னால் நின்ற பஸ்ஸில் மூன்று பேர் எழுந்து நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

விளக்கு பச்சையானதும் வீட்டுப் பக்கம் திருப்பினேன். அவள் கால் ஊன்ற, வாசலில் நின்றோம். மச்சினன் எழுந்து வந்து கை நீட்டினான்.

“அக்கா, மாமா முனகினாரா இல்லையா?”

அவள் குனிந்து சாவியை உருவினாள்.

“அது வண்டி சத்தம்டா. ஏதோ தப்பா மாட்டியிருக்கார். வா, மொதல்ல இவர இறக்கலாம்.”

ஸ்டாண்டைப் போட்டு, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்து இறக்கினார்கள். ஸ்பேனர் என் கைக்கு வந்தது, சாவி மட்டும் அவள் கையிலேயே இருந்தது.